கண்டார் கூற்றும் கணக்கேடும்

"கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. கண்டவன் கூற்றை இகழ்வதற்கே இதனைப் பலரும் எடுத்தாளுகின்றனர். கண்டவன் பொய்யன் என்பது இப்பழமொழியின் கருத்தன்று. கண்டவன் வாய்மையுடையவனாயினும் அவன் கண்டது நிகழ்ச்சி முழுவதுமன்று. ஆதலின் விசாரணை வேண்டும் என்பதே அதன் கருத்து. சரித்திரக் கலையும் இவ்விசாரணையையே உயிராகக் கொண்டது.

இவ்வுண்மையை விளக்குதற்கு இரண்டாம் உலகப் போரிற் பறந்த பிரித்தானிய விமானப் படையினர் கூற்றினுஞ் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. அவர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள். நிலத்தில் இறங்கியவுடன், நினைவு மாறுமுன்னரே, தாம் கண்டவற்றை உத்தியோகத்தரிடம் கூறினர். பொய் கூறவேண்டிய தேவை அவருட் பெரும்பாலார்க்கு இருந்ததில்லை. அவ்வாறிருந்தும் அவர்கள் கூறிய கணக்குப் பிழைத்தது. ஏன் பிழைத்தது, எவ்வளவு பிழைத்தது, அவர் கூற்றில் எப்பகுதி பிழையாது நின்றது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

நம் அளவை நூலார் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். காண்டலிலும் குற்றமுடைய காட்சிகள் உள என்றனர். மாலை மங்கிய வேளையிலே தூரத்தில் நிற்பது தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயக்காட்சி. கயிற்றைப் பாம்பெனத் துணிவது திரிவுக்காட்சி. புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டெனத் துணிவது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிவது உரை. இப்பாகுபாட்டை மாணவர் மனத்திற்கொள்வாராயின் பின்வருவன எளிதில் விளங்கும்.

185 உம் 56 உம்

1940 ஆம் ஆண்டுக் கோடையில் ஜேர்மன் விமானப் படை இங்கிலாந்தைத் தாக்கத் தொடங்கிற்று. பிரித்தானியச் சமர் என வழங்கும் அப்போரிற் பிரித்தானியர் பக்கத்திற் பறந்தோர் ஏறத்தாழ 2,900 பேர். அவருள் 544 பேர் அச்சமரிலேயே உயிர் துறந்தனர். சமரின் உச்சநாள் செப்டெம்பர் 15. அன்று பகைவரின் விமானங்கள் 185 வீழ்த்தப்பட்டன என இலண்டனில் அறிவிக்கப்பட்டது. போர் முடிந்தபின் ஜேர்மனியரின் ஏடுகள் கைப்பற்றப்பட்டு ஆராயப்பட்டன. அன்று அவர்கள் இழந்த விமானங்கள் 56 எனப் பிரித்தானிய அரசே 1947 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தில் அறிவித்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலவற்றைக் கூட்டினராயினும் 185 ஐ அணுகியவர் எவருமிலர்.

ஒன்றை மூன்றாக எண்ணியது எவ்வாறு? ஹரிக்கேன், ஸ்பிற்பயர் ஆகிய சண்டை விமானங்கள் மணிக்கு முந்நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செல்வன. அவற்றின் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் உரிய குண்டுகள் ஏறத்தாழப் பதினைந்து விநாடியிற் சுட்டுத் தீர்ந்துவிடும். பகை விமானமொன்று விமானியின் முன்னே தோன்றி மறையும் நேரமோ இரண்டு மூன்று விநாடிகளே. சுட்ட விமானத்தைப் பின்தொடர்ந்து நோக்குபவன் தன் முதுகிலே குண்டு பாயப்பெற்று வீழ்வான். ஆதலால் எவனும் முடிவு காணும் வரை நின்றானல்லன்.

பிழைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒரே விமானத்தை மூவர் வெவ்வேறு திசையினின்று சுட்டனர். அது வீழ்ந்தபோது தான் சுட்டதனாலேயே வீழ்ந்தது என மூவரும் உண்மையாகவே நம்பினர். மூவரும் நிலத்திறங்கிக் கூறியபோது ஒன்று மூன்றாயிற்று. இரண்டாவது, புகையைப் பற்றியது. ஜேர்மன் சண்டை விமானத்தின் இயந்திரம் சடுதியாக விசை கூட்டப்படும்போது கரும்புகை கக்கும். தப்பியோட எண்ணிய விமானி விசையைக் கூட்டிக் கீழ்நோக்கிப் பாய்வான். பின்னின்றவன் கண்டது கரும்புகையும் கீழ்நோக்கிய பாய்ச்சலும். அவன் துணிந்ததோ விமானம் தீப்பற்றி வீழ்ந்தது என்பது. புகையைக் கண்டது மெய்க்காட்சி. வீழ்ச்சியைத் துணிந்தது பிழையான கருதல். இரண்டையும் ஒன்றாக்கி, "வீழக் கண்டேன்" என அவன் கூறினான். அவ்வாறு கூறியபோது அவன் பொய் சொன்னானல்லன்.

இக்குறை பிரித்தானியருக்கு மாத்திரம் உரியதன்று. ஜேர்மன் விமானிகளும் தாம் வீழ்த்தியனவாக மிகைபடக் கூறினர். அங்ஙனமாயின் 56 என்ற எண்ணை மட்டும் நாம் எவ்வாறு நம்புவது? அது ஜேர்மன் விமானி எவனும் வானிற் கண்டு கூறிய எண்ணன்று. இழந்த விமானங்களுக்கு மாற்று வேண்டிப் படையின் பண்டகப் பொறுப்பாளர்க்கு அனுப்பிய கணக்கு. வீடு திரும்பாத விமானத்தைத் திரும்பியதாக எழுதினால் மறுநாட் போருக்கு விமானமிராது. ஆகவே அக்கணக்கிற் கருத்தாக இருந்தனர்.

இதிலிருந்து விதியொன்று பெறப்படுகின்றது. தன் இழப்பை எண்ணுபவன் ஏறத்தாழச் சரியாக எண்ணுவான்; பிறன் இழப்பை எண்ணுபவன் மிகுத்தே எண்ணுவான். இன்னும் விரித்துக் கூறின், தன் கையகத்துள்ளதைப் பற்றி ஒருவன் கூறும் சாட்சி வலிது. தன் கையைக் கடந்து சென்றதைப் பற்றிக் கூறும் சாட்சி மெலிது.

எண் குறைந்ததனால் வெற்றி குறைந்தது என எவரும் எண்ணற்க. செப்டெம்பர் 17 ஆம் நாள் ஹிட்லர் இங்கிலாந்தின் மீது படையிறக்கும் திட்டத்தைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தார். அதனைச் செய்வித்தது 185 என்ற அறிவிப்பன்று. வானில் நின்ற அவ்விளைஞரின் உறுதியே.

இருளில் வீழ்ந்த குண்டுகள்

மேற்காட்டிய விதி குண்டுவீச்சு விமானங்களில் இன்னுந் தெளிவாகப் புலப்படுகின்றது. 1941 ஆம் ஆண்டிற் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையினர் இரவுதோறும் ஜேர்மனியின் மீது பறந்தனர். திரும்பிவந்தோர் இலக்கைக் கண்டோம், குண்டுகளை வீசினோம், தீ எழக் கண்டோம் என்றனர். அவர் கூற்றின்படியே பதிவேடுகள் எழுதப்பட்டன.

ஐயங்கொண்ட அரசினர் பட் என்னும் அலுவலரைக் கொண்டு, குண்டு வீசிய வேளையில் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட அறுநூறுக்கு மேற்பட்ட ஒளிப்படங்களை ஆராய்வித்தனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் அவர் அளித்த முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. இலக்கைத் தாக்கியதாகப் பதியப்பட்ட விமானங்களுள் மூன்றிலொன்றே இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் சென்றிருந்தது. தொழிற்சாலைப் புகை மண்டிய றூர்ப் பிரதேசத்திலோ பத்திலொன்றே அவ்வாறு சென்றிருந்தது.

இங்கும் விமானிகள் பொய்யரல்லர். குண்டு வீசியது அவர் கையகத்தது, அது மெய். வீழ்ந்த இடம் இருளகத்தது, அது கருதல். தீ எழுந்தது மெய். எரிந்தது தொழிற்சாலையோ, பகைவர் வெட்டவெளியில் மூட்டிய போலித் தீயோ என்பது ஐயக்காட்சி.

இவ்விசாரணையினால் விளைந்த பயன் பெரிது. வழியறிதற்கு வானொலிக் கருவிகள் 1942 ஆம் ஆண்டிலிருந்து புகுத்தப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்றில் முன்சென்று இலக்கை ஒளியிட்டுக் காட்டும் தனிப்படை அமைக்கப்பட்டது. தம் வீரரை நம்புகின்றோம் என்று கூறி ஒளிப்படங்களை மூடிவைத்திருப்பின், வீணே பறந்து இறப்போர் தொகை பெருகியிருக்கும். அவ்வாறு திருத்திய பின்னரும் குண்டுவீச்சுப் படை இழந்தது 55,573 உயிர்கள். பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேரென்பதை நோக்க இத்தொகையின் கொடுமை விளங்கும். நம் நாட்டவரான றொஹான் அமரசேகர அப்படையில் வழியறி உத்தியோகத்தராகப் பறந்து, வீரப் பதக்கத்தை இருமுறை பெற்று மீண்டு, 1962 ஆம் ஆண்டில் நாட்டின் விமானப் படைக்குத் தலைமை தாங்கிய முதலாவது இலங்கையரானார்.

இலங்கை வானில்

இங்கிலாந்திற் கண்ட விதி பிறிதோரிடத்திலும் பொருந்துமா எனச் சோதித்தற்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அதே ஹரிக்கேன் விமானங்கள் 1942 ஏப்பிரலில் நம் நாட்டு வானிலும் போர் புரிந்தன.

யப்பானியக் கடற்படைத் தலைவர் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்து சமுத்திரத்தினுட் புகுந்தார். ஏப்பிரல் 4 ஆம் நாள், கொக்கலைக் களப்பிலிருந்து எழுந்த கற்றலீனாப் பறக்கும் படகொன்று இலங்கைக்குத் தென்கிழக்கே வெகுதூரத்தில் அக்கப்பற் கூட்டத்தைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் கனடா நாட்டவரான லெனாட் பேர்ச்சோல். அவர் தமது அணியுடன் இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. கண்ட செய்தி கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பப்பட்டுக் கொண்டிருக்கையிலேயே யப்பானியச் சண்டை விமானங்கள் பறக்கும் படகை வீழ்த்தின. ஒன்பது பேருள் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். பேர்ச்சோல் 1945 இல் விடுதலை பெற்றார். "இலங்கையைக் காத்தவர்" என்னும் பட்டம் அவரைச் சார்ந்தது.

இப்பட்டத்தை நம் விதியின்படி ஆராய்வோம். பகைக் கப்பல்களைக் கண்டதும் செய்தி அனுப்புவித்ததும் அவர் கையகத்தன. அவை ஐயத்துக்கு இடமில்லாதன. அச்செய்தியினாற் கொழும்பில் என்ன நிகழ்ந்தது என்பதை அவர் காணவில்லை. அதற்கு வேறு ஏடுகளை நாடவேண்டும். தாக்குதலொன்று நெருங்குகின்றது என்பதைப் பகைவரின் இரகசியச் செய்திகளை அறிந்ததன் மூலம் பிரித்தானியர் மார்ச்சு மாத இறுதியிலேயே உணர்ந்திருந்தனர். பேர்ச்சோலின் செய்தி அவர்கள் அறியாதிருந்த இடத்தையும் வேளையையும் அறிவித்தது. துறைமுகத்தினின்று பல கப்பல்கள் வெளியேறின. ஆயினும் மறுநாட் காலை, உயிர்த்த ஞாயிறன்று, ஏறத்தாழ 125 யப்பானிய விமானங்கள் வந்தபோது, இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் விமானங்கள் பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே எழுந்தன. செய்தி மெய்யானது, அது பயன்பட்டதும் மெய், முழுவதும் பயன்படவில்லை என்பதும் மெய். பட்டத்தை மட்டும் கேட்டவர் இம்மூன்றாவதை அறியார்.

அன்றைய சண்டையில் ஏறத்தாழ இருபது பகை விமானங்கள் வீழ்த்தப்பட்டன எனப் பிரித்தானியர் கணக்கிட்டனர். யப்பானியரின் ஏடுகளின்படி திரும்பாதவை ஏழு. யப்பானியர் வீழ்த்தியதாகக் கூறிய தொகையும் உண்மையினும் மிக்கதே. பிரித்தானியர் தாமே எண்ணிய தம் இழப்பு ஏறத்தாழ 25. அவற்றுள் ஆறு, திருகோணமலையிலிருந்து ஒன்றாகப் பறந்துவந்த சுவோட்பிஷ் என்னும் இரட்டைச் சிறகு விமானங்கள். சண்டையின் நடுவே அறியாது வந்து புகுந்த அவை ஆறும் வீழ்த்தப்பட்டன. துறைமுகத்தில் "ஹெக்டர்", "தெனடோஸ்" என்னும் கப்பல்கள் அமிழ்ந்தன. அன்று பிற்பகல் நடுக்கடலில் "டோசெற்ஷயர்", "கோண்வால்" என்னும் போர்க்கப்பல்கள் இரண்டும் 424 பேருடன் மூழ்கின.

ஏப்பிரல் 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. சேதமுற்ற யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின் மீது வீழ்ந்து, அக்குதம் நாட்கணக்கில் எரிந்தது. விமானி தன்னுயிரை வெறுத்து வேண்டுமென்றே அதன்மேற் பாய்ந்தான் எனப் பலராலும் கூறப்படுகின்றது. விமானம் வீழ்ந்தது காண்டல். வேண்டுமென்றே வீழ்ந்தான் என்பது கருதல். இறந்தவன் உள்ளத்தைக் கண்டார் எவர்? கதை சுவையுடையது என்பதனாற் கருதல் காண்டலாகிவிடாது.

அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் "ஹேர்மிஸ்" என்னும் விமானந்தாங்கி, தன்மேல் ஒரு விமானமுமின்றிச் சென்று, 307 பேருடன் அமிழ்ந்தது. அதே நாளில் ஒன்பது பிளெனீம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பற் கூட்டத்தைத் தேடிச் சென்று, "அகாகி" என்னும் தலைமைக் கப்பலின் அருகே குண்டுகளை வீழ்த்தின. குண்டுகள் நீரில் வெடிக்கும் வரை யப்பானியர் அவற்றின் வருகையை அறிந்திலர். கப்பலுக்குச் சேதமில்லை; ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. எனினும் எதிர்பாராது அணுகத்தக்கது அக்கூட்டம் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. இரண்டு மாதங்களின் பின், யூன் 4 ஆம் நாள், மிட்வே என்னும் தீவருகில் அமெரிக்க விமானங்கள் அவ்வாறே சடுதியில் தோன்றி "அகாகி" முதலிய கப்பல்களுக்கு முடிவு தேடின.

ஏடு சொல்லாதவை

இதுகாறும் கூறியவற்றால் ஏடே மெய், நினைவு பொய் என மாணவர் முடிபு கொள்ளலாகாது. 185 என்னும் எண்ணும் ஏட்டில் எழுதப்பட்டதே. ஏடும் மனிதர் எழுதுவதே.

மேலும், ஏடு மறைப்பனவும் உள. குண்டுவீச்சுப் படையில், பலமுறை பறந்து மனம் ஒடிந்து, இனிப் பறக்க இயலாதென நின்றோர் சிலர் இருந்தனர். "மனவுறுதி இல்லாதவர்" என்னும் பொருள்பட இரண்டு மூன்று சொற்களை அவர் பதிவில் எழுதி, பதவி பறித்து, அணியினின்று விரைவில் அகற்றினர். ஏட்டில் அவ்வளவே உள்ளது. இருபது முறை சென்று மீண்டவன் இருபத்தொன்றாம் முறை ஏணியில் ஏறக் கால் எழாது நின்றதை ஏடு கூறாது. உடன் பறந்தோர் தம் முதுமையில், தாமும் ஒவ்வோரிரவும் அவ்வாறே அஞ்சினோம் என மனந்திறந்து கூறிய பின்னரே, அப்பழிச்சொல் எவ்வளவு அநீதியானது என்பது உலகுக்குத் தெரிந்தது. அச்சம் அவரவர் கையகத்தது. அதனைப் பற்றிய சாட்சியில் வீரனே வல்லவன். ஏடு அங்கே ஊமை.

நினைவையும் ஏட்டையும் ஒருங்கே போற்றியவர் முற்கூறிய பேர்ச்சோல். சிறை முகாமில் தம் தோழர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை அவர் நிகழ்ந்த காலத்திலேயே மறைவாக எழுதிவைத்தார். போரின் பின் நிகழ்ந்த விசாரணைகளில் அவை சான்றாகப் பயன்பட்டன. வெறும் நினைவை மாத்திரம் கொண்டு அவர் சென்றிருப்பின் எதிர்வழக்காடுவோர் எளிதில் மறுத்திருப்பர்.

ஏட்டின் அருமையை உணர்த்தும் செய்தி இன்னுமொன்றுண்டு. பேர்ச்சோலின் விமானம் வீழ்த்தப்பட்ட அன்றிரவு, அக்கப்பற் கூட்டத்தைத் தொடர்ந்து கண்காணிக்க இரண்டாவது கற்றலீனா ஒன்று அனுப்பப்பட்டது. அதுவும் இரவு செய்தியனுப்பி, விடியும் வேளையில் வீழ்த்தப்பட்டது. அதிற் சென்றோருள் எவரும் பிழைத்திலர். முதல் விமானத்தின் கதையைச் சொல்ல ஒருவர் வாழ்ந்தார். இரண்டாவதன் கதையைச் சொல்ல எவருமிலர். செய்த கடமை ஒன்றே. கிடைத்த புகழோ வேறு. நினைவை மாத்திரம் நம்பும் சரித்திரம் பிழைத்திருந்தோரை மட்டுமே போற்றும். வாயில்லாத இறந்தோர்க்கு வாயாக நிற்பது ஏடு.

மாணவர் செய்யத்தக்கது

இலண்டனிலுள்ள போர் நூதனசாலை 1972 ஆம் ஆண்டு முதல் வீரர்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து வருகின்றது. அவ்வேலை காலத்தோடு ஓடும் ஓட்டமாகும். பிரித்தானியச் சமரிற் பறந்தோருள் எஞ்சியிருந்தவராக அறியப்பட்ட ஜோன் ஹெமிங்வே என்பவர் 2025 மார்ச்சில் தமது 105 ஆம் வயதிற் காலமானார். அவரோடு அச்சமரின் காண்டல் முடிந்தது. இனி உரையும் ஏடுமே உள.

நம்மிடையேயும் அவ்வோட்டம் முடியுந் தறுவாயில் உள்ளது. 1942 இற் குண்டுக்கு அஞ்சிக் கொழும்பை விட்டு ஊர் திரும்பிய குடும்பங்களிற் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தோ அணுகியோ இருப்பர். இப்பொன்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள்ளும், அவர்தம் இல்லங்களிலுள்ள மூத்தோருள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும். அவர்களை அணுகிக் கேட்க விரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவன நான்கு.

முதலாவது, அவர் கூறுவதை இடைமறியாது முழுவதும் கேட்டு, கேட்ட நாளையும் சேர்த்து எழுதுக. இரண்டாவது, "ஐயா, இது தாங்கள் கண்டதா, பின்னர் பிறர் சொல்லக் கேட்டதா?" எனப் பணிவுடன் வினவுக. காண்டலையும் உரையையும் பிரித்தெழுதுக. மூன்றாவது, தொகையையும் தேதியையும் ஏட்டோடு ஒப்பிடுக. இயலுமாயின் எதிர்த்தரப்பின் ஏட்டோடும் ஒப்பிடுக. நான்காவது, கூற்று ஏட்டோடு மாறுபடுமாயின் அதனை அழித்துவிடற்க. இரண்டையும் அருகருகே எழுதி, மாறுபாட்டின் காரணத்தை ஆராய்க. உண்மை பெரும்பாலும் அக்காரணத்திலேதான் மறைந்து கிடக்கும்.

முதியவர் ஒருவர் இருபது விமானங்கள் வீழக் கண்டேன் என்றால், ஏழென்று ஏடு கூறுகின்றதே என நகையாடுதல் அறிவுடைமையன்று. அவர் கூறியதனாலேயே இருபதென்று எழுதுதலும் அறிவுடைமையன்று. ஏழென்று எழுதுக, அன்று காலை வானை நோக்கி நின்ற ஒரு சிறுவனின் கண்ணுக்கு அவை இருபதாகத் தோன்றின என்பதையும் எழுதுக. எண்ணுக்கு ஏடு சாட்சி. அன்றைய அச்சத்துக்கு அவரே சாட்சி. தீர விசாரித்தல் என நம் முன்னோர் கூறியது இவ்விரு சாட்சியையும் அவற்றிற்குரிய இடத்தில் வைத்துக் கேட்பதையேயாம்.